குப்பையைக் கிளறியவர் யார்? வாரியவர் யார்?

1906-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஜனப் பிரதிநிதிகளின் காரியாலயக் கட்டிடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டும் விழா. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பேச எழுந்தார். அன்று அவர் பேச்சில் அடிபட்டவர்கள் பத்திரிகைக்காரர்கள்.

ஜான் பன்யன் என்ற பழைய ஆங்கில எழுத்தாளரின் கதையில் ஒரு மனிதன் வருகிறான். அவன் கையில் குப்பை வாரி. தலைக்கு மேலே தேவலோகக் கிரீடத்தை ஒருவர் நீட்டிக்கொண்டிருக்கிறார். அவனோ நிமிர்ந்து பார்க்காமல் தரையில் கிடக்கும் குப்பையையே கிளறிக்கொண்டிருக்கிறான். முதலாளிகளின் திருட்டையும் அரசியல்வாதிகளின் லஞ்சத்தையும் ஓயாமல் எழுதுகிறவர்கள் இந்த மனிதனைப் போன்றவர்கள் என்றார் ஜனாதிபதி. அவர்களால் பயனும் உண்டு என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர்களால் தேசத்துக்கே தீங்கு என்று எச்சரித்தார். அன்று முதல் அவர்களுக்கு "மக்ரேக்கர்" என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. நம் பாஷையில் சொன்னால், குப்பை கிளறி.

வசையாகத்தான் சொன்னார். ஆனால் எருக்குழியில் இறங்கி வேலை செய்த விவசாயத் தொழிலாளிக்கு இது வசையாகத் தோன்றுமா? குழியைக் கிளறினால் நாறும். அந்த நாற்றம் கிளறியவனுடையதா? குழிக்குள் கிடந்ததுதானே? ஆனால் இன்னொரு விஷயமும் அவனுக்குத் தெரியும். கிளறியதோடு நின்றுவிட்டால் நாற்றம்தான் மிச்சம். கூடையில் அள்ளி, வண்டியில் ஏற்றி, வயலில் கொட்டிச் சிதறினால்தான் நெல் விளையும். கிளறுவது ஒரு வேலை. வாரிக் கொண்டுபோய் வயலில் சேர்ப்பது இன்னொரு வேலை.

முதல் வேலையைப் பத்திரிகை செய்யலாம். இரண்டாவது வேலையைச் செய்வது யார்? நூறு வருஷத்துச் சரித்திரம் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

எண்ணெய் ராஜாவின் குட்டு

அமெரிக்காவில் அன்று ரயில், எண்ணெய், உருக்கு, இறைச்சி எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கோடீசுவரர்களின் கைக்குள் போய்விட்டன. அந்தக் காலத்தில்தான் மக்ளூர்ஸ் என்ற மாதப் பத்திரிகை புதிய வகைக் கட்டுரைகளை வெளியிட ஆரம்பித்தது. வதந்தியும் வாய்ப்பேச்சும் கிடையாது. கோர்ட்டு தஸ்தாவேஜுகள், கணக்குப் புத்தகங்கள், நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்கள் இவைதான் ஆதாரம்.

ஐடா டார்பெல் என்ற பெண்மணி, ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் வரலாற்றை 1902 நவம்பர் முதல் 1904 வரை 19 பகுதிகளாக எழுதினார். அவருடைய தகப்பனார் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணற்றுப் பகுதியில் தொழில் நடத்தியவர். சிறு தொழில்காரர்கள் நசுக்கப்பட்டதை டார்பெல் சிறு வயதிலேயே கண்டவர்.

1872-ல் ரயில் கம்பெனிகளுடன் ராக்ஃபெல்லர் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டார். அவர் சரக்குக்கு ரயில் கட்டணத்தில் தள்ளுபடி. அது மட்டுமா? போட்டிக்காரன் தன் சரக்குக்குக் கட்டும் கட்டணத்திலும் ஒரு பங்கு ராக்ஃபெல்லருக்கு! அடிபடுகிறவனே தடிக்கும் கூலி கொடுக்க வேண்டும்! ஒப்பந்தம் வெளியே தெரிந்து முறிந்தது. ஆனால் அந்தப் பூச்சாண்டியைக் காட்டியே, கிளீவ்லாந்து நகரில் இருந்த 26 எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் 22 ஆலைகளைச் சில வாரங்களுக்குள் அவர் விழுங்கிவிட்டார்.

இந்தக் குட்டு வெளிப்பட்டதும் ஜனங்கள் கொதித்தார்கள். வழக்கு நடந்தது. 1911 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஸ்டாண்டர்டு ஆயிலை உடைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. கம்பெனி 34 துண்டாயிற்று. முடிவு? ஒவ்வொரு துண்டிலும் ராக்ஃபெல்லருக்குப் பங்கு இருந்தது. துண்டுகளின் பங்கு விலை ஏறிற்று. கம்பெனியை உடைத்த தீர்ப்பினால் அவர் முன்னைவிடப் பெரிய பணக்காரரானார்!

குப்பை கிளறியவர்கள் எல்லோரும் தொழிலாளிகளின் தோழர்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. டார்பெல் கட்டுரையின் ஒரு பகுதி வெளியான 1903 ஜனவரி மக்ளூர்ஸ் இதழ் புகழ்பெற்றது. நகர நிர்வாக ஊழலைப் பற்றி லிங்கன் ஸ்டெஃபன்ஸ் எழுதிய கட்டுரையும் அதில் உண்டு. மூன்றாவதாக ரே ஸ்டானர்ட் பேக்கர் ஒரு கட்டுரை எழுதினார். 1902 மே முதல் அக்டோபர் வரை பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்து வேலைநிறுத்தம் செய்தார்கள் அல்லவா? பேக்கர் எழுதியது அவர்களுடைய பசியைப் பற்றி அல்ல. வேலைநிறுத்தத்தில் சேராமல் சுரங்கத்துக்குள் போனவர்கள் பட்ட கஷ்டங்களைப் பற்றி! முதலாளியின் கொள்ளை ஒரு பக்கத்தில், சங்கத்தின் "கொடுமை" மறுபக்கத்தில். பத்து சென்ட் கொடுத்து அந்தப் பத்திரிகையை வாங்கிய நடுத்தர வகுப்பாருக்கு இரண்டையும் கண்டு பயம் இருந்தது.

இதயத்துக்கு வைத்த குறி

இனி சிகாகோவுக்கு வருவோம். ஆர்மர், ஸ்விஃப்ட் போன்ற பெரிய இறைச்சிக் கம்பெனிகளின் கோட்டை அது. லித்துவேனியா, போலந்து முதலிய தேசங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழைகளும் கறுப்பு மக்களும் அங்கே மாடு அறுத்தார்கள், தோல் உரித்தார்கள், டப்பாவில் இறைச்சி அடைத்தார்கள். 1904 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தேர்ச்சியில்லாத தொழிலாளிக்கு மணிக்குப் பதினெட்டரை சென்ட் கூலியைக் குறைக்காதே என்பதுதான் தகராறு. முதலாளிகள் கருங்காலிகளை ரயில் ரயிலாக இறக்கினார்கள். செப்டம்பரில் போராட்டம் முறிந்தது. சங்கம் சிதறியது.

அந்தத் தோல்விக்குப் பிறகு அப்டன் சிங்க்ளேர் என்ற 26 வயது எழுத்தாளர் சிகாகோ வந்தார். கான்சாஸ் மாகாணத்தில் கிரார்டு என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த "அப்பீல் டு ரீசன்" என்ற சோஷலிஸ்டு வாரப் பத்திரிகை 500 டாலர் முன்பணம் கொடுத்து அவரை அனுப்பியது. ஏழு வாரம் அவர் அங்கே தங்கினார். அழுக்குச் சட்டை போட்டுக்கொண்டு கையில் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டால் போதும், எந்த ஆலைக்குள்ளும் தடையில்லாமல் நுழைய முடிந்தது. தொழிலாளியின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? ராத்திரியில் அவர்கள் வீடுகளில் உட்கார்ந்து கதை கேட்டார். கிளறியது அவர் பேனாதான். ஆனால் குப்பை எங்கே கிடக்கிறது என்று காட்டிக் கொடுத்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். இதை மறந்துவிடக் கூடாது.

"தி ஜங்கிள்" நாவல் 1905 பிப்ரவரியிலிருந்து அந்த வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. புத்தகமாகப் போடப் பல பிரசுராலயங்கள் மறுத்தன. 1906 பிப்ரவரியில் ஒருவழியாகப் புத்தகம் வெளிவந்தது. உப்புத் தண்ணீரிலும் அமிலத்திலும் விரல்கள் அரித்துப்போனவர்கள், கத்தி வெட்டி வெட்டிப் பெருவிரலே இல்லாமல் போனவர்கள், ஈரத்தில் நின்று காசநோய் பிடித்தவர்கள், வேலைக்குப் போகும் சிறு பிள்ளைகள், அடமானத்தில் வீட்டை இழந்து தெருவில் நின்ற குடும்பம் - இவர்கள்தான் அந்த நாவலின் மனிதர்கள். அழுகிய இறைச்சியைப் பற்றிய பக்கங்கள் அதில் கொஞ்சம்தான்.

ஆனால் தேசம் படித்தது அந்தக் கொஞ்சப் பக்கங்களைத்தான்! நம் தட்டில் விழுவது இதுவா என்று கனவான்களுக்குக் குமட்டியது. ஜனாதிபதி இரண்டு பேரைச் சிகாகோவுக்கு அனுப்பி விசாரித்தார். ஆலைகளின் அசுத்தம் உண்மை என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். ஏப்ரலில் குப்பை கிளறிகளைத் திட்டிய அதே ரூஸ்வெல்ட், 1906 ஜூன் 30-ந் தேதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும், உணவு - மருந்துக் கலப்படத் தடைச் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார்.

நல்ல சட்டங்களே. சாப்பிடுகிறவர்களில் தொழிலாளியும் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பரிசோதனைச் செலவைக் கம்பெனிகளே ஏற்க வேண்டும் என்ற யோசனை கைவிடப்பட்டது. வருஷம் 30 லட்சம் டாலர் ஜனங்களின் வரிப் பணத்திலிருந்து ஒதுக்கப்பட்டது. டப்பாவின் மேல் தேதி போட வேண்டும் என்ற யோசனையும் கைவிடப்பட்டது. சர்க்கார் முத்திரை குத்திய இறைச்சிக்கு வெளிநாட்டில் மறுபடி கிராக்கி வரும் என்று பெரிய கம்பெனிகள் கணக்குப் போட்டன.

கூலி? வேலை நேரம்? அரித்துப்போன விரல்? அவற்றைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. தாம் குறிவைத்தது ஜனங்களின் இதயத்தை, அடி பட்டதோ வயிற்றில் என்று சிங்க்ளேர் பின்னால் நொந்துகொண்டார்.

ஏன் அப்படி ஆயிற்று? எழுத்தில் குறையா? இல்லை. மாட்டிறைச்சியை வாங்குகிறவனுக்குக் காசும் ஓட்டும் செல்வாக்கும் இருந்தன. அவன் கத்தினான்; சட்டம் அசைந்தது. மாட்டை அறுக்கிறவனுக்கு இருந்த ஒரே பலம் சங்கம். அது 1904-லேயே முறிக்கப்பட்டுவிட்டது. சிங்க்ளேர் கிளறிப் போட்ட உண்மை குவியலாகக் கிடந்தது. வாரிக்கொண்டு போக ஆளில்லை.

வாரியவர்கள்

பத்து வருஷத்துக்கு மேல் கழித்து ஆள் வந்தது. 1917-ல் ஜான் ஃபிட்ஸ்பேட்ரிக், வில்லியம் ஃபாஸ்டர் முதலியவர்கள் முன்நின்று, பல கைத்தொழில் சங்கங்களை ஒன்றுசேர்த்துச் சிகாகோ ஆலைகளில் புதிய தொழிலாளர் கவுன்சில் அமைத்தார்கள். போலந்துக்காரன், லித்துவேனியாக்காரன், கறுப்பன், வெள்ளையன் என்று பிரிந்து கிடந்தவர்களைச் சேர்க்கப் பாடுபட்டார்கள். யுத்த காலம், பட்டாளத்துக்கு இறைச்சி வேண்டும். வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று கண்ட சர்க்கார், ஆல்ஷூலர் என்ற நீதிபதியை மத்தியஸ்தராக நியமித்தது.

1918 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. இங்கேதான் பாருங்கள், பேனா கை மாறியது! தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கூண்டில் ஏறி, கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, பிள்ளைக்குப் பால் வாங்க முடிகிறதா என்று தாங்களே சொன்னார்கள். தொழிலாளர் தரப்பு வக்கீல் ஃபிராங்க் வால்ஷ், கோடீசுவரர் ஆர்மரையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். மார்ச் 30-ந் தேதி தீர்ப்பு வந்தது: 8 மணி நேர வேலை, 10 மணி வேலைக்குக் கிடைத்த கூலி குறையாது, அதற்கு மேல் கூலி உயர்வும் உண்டு.

நாவலால் கிடைக்காதது சங்கத்தால் கிடைத்தது. நாவல் வீண் என்று இதற்கு அர்த்தமல்ல. அந்த ஆலைகளின் யோக்கியதையை நாட்டுக்கு எடுத்துக் காட்டியது அந்த நாவல். ஆனால் குவியலை வயலுக்குக் கொண்டு சேர்த்தது சங்கம்.

அந்த வெற்றி நிலைத்ததா? 1919 ஜூலையில் சிகாகோவில் வெள்ளையர் - கறுப்பர் கலவரம் மூண்டு 38 பேர் மாண்டார்கள். ஒற்றுமை உடைந்தது. 1921-22 வேலைநிறுத்தம் தோற்றது. பிறகு 1937 முதல் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கமாகச் சேர்ந்து மறுபடி கட்டினார்கள். ஒற்றுமை இருந்த வருஷங்களில் கூலி ஏறிற்று. பிளவு வந்த வருஷங்களில் இறங்கிற்று. சாதியும் மதமும் பேசி ஆலை வாசலில் ஆளைப் பிரிப்பதைக் கண்ட நமக்கு இது புதிய பாடமா?

முதலாளிகளும் பாடம் படித்தார்கள்

1914 ஏப்ரல் 20-ந் தேதி கொலராடோ மாகாணத்தில் லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாமை மாகாணத் துருப்புகள் சுட்டுக் கொளுத்தின. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் பதுங்கிய 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டார்கள். சுரங்கக் கம்பெனி ராக்ஃபெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் காரியாலய வாசலில் கறுப்புப் பட்டை கட்டி மறியல் செய்த சிங்க்ளேர் கைதானார்.

ராக்ஃபெல்லர் என்ன செய்தார் தெரியுமா? ஐவி லீ என்ற விளம்பர நிபுணரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். அவர் கம்பெனியின் கட்சியைச் "செய்தி" என்று அச்சடித்து நாடெங்கும் அனுப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதே ஒரு உத்தியோகமாகிவிட்டது. அதுவரை பத்திரிகைகளுக்குப் பதில் சொல்லாமல் இருந்த முதலாளிகள், அதன் பிறகு பத்திரிகைகளுக்குச் செய்தி தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். விளம்பரம் கொடுத்து வாயை அடைப்பது ஒரு வழி. மானநஷ்ட வழக்குப் போட்டுப் பயமுறுத்துவது இன்னொரு வழி. பத்திரிகையையே விலைக்கு வாங்கிவிடுவது மூன்றாவது வழி. இந்த மூன்று வழிகளும் இன்றைக்கும் நடமாடுகின்றன. முதலாளிக்குச் சொந்தமான டெலிவிஷனில் அந்த முதலாளியின் ஆலை விபத்தை எத்தனை நிமிஷம் காட்டுவார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்றைய குப்பை

"இதெல்லாம் பழங்கதை" என்று சொல்கிறவர்கள் உண்டு. சிகாகோவின் அந்தப் பெரிய தொட்டிகள் 1971-ல் மூடப்பட்டது உண்மைதான். ஆனால் இறைச்சி ஆலைகள் மறையவில்லை. சங்கம் இல்லாத சிற்றூர்களைத் தேடிப் போய்விட்டன.

2023 பிப்ரவரி 17-ந் தேதி அமெரிக்கத் தொழிலாளர் இலாகா ஒரு செய்தி வெளியிட்டது. இறைச்சி ஆலைகளை ராத்திரி நேரத்தில் கழுவும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்று, 8 மாகாணங்களில் 13 ஆலைகளில், 13 முதல் 17 வயதுள்ள 102 பிள்ளைகளையாவது வேலைக்கு வைத்திருந்தது. மார்பெலும்பு அறுக்கும் ரம்பங்களையும் தலை பிளக்கும் இயந்திரங்களையும் காரமான ரசாயனங்களால் கழுவும் வேலை. குறைந்தது 3 பிள்ளைகள் காயம்பட்டார்கள். அபராதம்? தலைக்கு 15,138 டாலர். மொத்தம் சுமார் 15 லட்சம் டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி! அதே மாதத்தில் ஹன்னா டிரையர் என்ற நிருபர், பிழைக்க வந்த வெளிநாட்டுச் சிறுவர்கள் அமெரிக்கா முழுவதும் ஆலைகளில் உழைப்பதை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். 2024-ல் அவருக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. சிங்க்ளேர் எழுதிய பிள்ளைகள் 118 வருஷம் கழித்து மறுபடி ஆலை வாசலில் நிற்கிறார்கள்! ஒருமுறை அம்பலப்படுத்தினால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்கட்டும்.

நம் நாட்டுக்கும் ஒரு அமெரிக்கக் கம்பெனி இந்தப் பாடத்தைக் கற்பித்தது. போபாலில் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் ஒரு தொழிலாளி விஷவாயு தாக்கி மாண்டார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர் நிருபர் ஆலைத் தொழிலாளர்களிடம் பேசி, கம்பெனியின் காகிதங்களைத் தேடிப் படித்து, தம்முடைய சின்ன ஹிந்தி வாரப் பத்திரிகையில் 1982 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் எழுதினார். போபால் எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று எச்சரித்தார். 1984 ஜூனில் ஒரு பெரிய பத்திரிகையிலும் எழுதினார். அதிகாரிகள் அசையவில்லை. 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மடிந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் நோயாளிகளானார்கள். 1989-ல் 47 கோடி டாலருடன் கம்பெனி கணக்கை முடித்துக்கொண்டது. ஒரு வரி கூடப் பொய்யில்லாமல் எழுதப்பட்ட எச்சரிக்கை அது. ஆலைக்குள் இருந்த தொழிலாளிகளும் ஆலைக்கு வெளியே குடிசையில் இருந்த ஜனங்களும் ஒரே குரலாக அதைத் தூக்கிப் பிடிக்கும் பலம் அன்று திரளவில்லை.

கூலிக்காரன் கிளறிய குப்பை

பலம் திரண்ட இடத்தையும் பார்ப்போம். ராஜஸ்தானில் 1990 மே தினத்தில் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பஞ்ச நிவாரண வேலைகளில் சட்டப்படியான கூலி வருவதில்லை. கேட்டால், "நீ செய்த வேலை அவ்வளவுதான், ரிஜிஸ்தரில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்பார்கள். "சரி, அந்த ரிஜிஸ்தரைக் காட்டு!" என்றார்கள் தொழிலாளர்கள்.

1994 டிசம்பர் 2-ந் தேதி கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊர்ஜனங்கள் முன்னால் வருகைப் பதிவையும் பில்களையும் உரக்கப் படித்தார்கள். இந்த ஆள் அந்த வேலைக்கே வரவில்லை, இந்தக் கட்டிடம் இன்னும் கட்டி முடியவில்லை என்று ஊர்ஜனங்களே எழுந்து சாட்சி சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள் அன்று நாட்டின் மிகச் சிறந்த நிருபர்களானார்கள். எங்கள் பணம், எங்களிடம் கணக்குச் சொல் என்று 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். பத்திரிகையாளர்கள் பலர் துணைக்கு வந்தார்கள். 2005-ல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்தது.

இங்கே கிளறியவர்களும் வாரியவர்களும் ஒரே ஆட்களாக இருந்தார்கள். ஆகவேதான் பயன் வயலில் விளைந்தது.

அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு அச்சுப் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடப்பட்டுவிட்டன. உள்ளூர் ஆலையையும் உள்ளூர் நீதிமன்றத்தையும் தினம் போய்ப் பார்க்கும் நிருபர் அருகி வருகிறார். நம் ஊரிலும் செல்போனில் நாள் முழுவதும் செய்தி கொட்டுகிறது. ஆனால் ஸ்பின்னிங் மில் விடுதியில் பூட்டி வைக்கப்பட்ட பெண்பிள்ளையின் சம்பளச் சீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எத்தனை பேர்? நிருபர் வரட்டும் என்று காத்திருந்தால் நடக்காது.

ஆகவே தொழிலாளி செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஆலையில் யாருக்காவது கை போனால், தேதி, ஷிப்டு, இயந்திரம், பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். வயல் வேலையில் பேசிய கூலி எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். ஒரு வார்த்தை கூட மிகைப்படுத்த வேண்டாம். பத்து உண்மையோடு ஒரு பொய்யைக் கலந்தால், முதலாளியின் வக்கீல் அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு பத்து உண்மையையும் சாக்கடையில் தள்ளிவிடுவான். டார்பெல் ராக்ஃபெல்லரை வீழ்த்தியது வசையால் அல்ல, கணக்கால்.

அந்த நோட்டை ஒருவர் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். சங்கக் கூட்டத்தில் படியுங்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் மனுவாகக் கொடுங்கள். பத்திரிகைக்கு எழுதுங்கள். ஒருவராகப் போனால் வேலை போகும். நூறு பேராகப் போனால் ரிஜிஸ்தர் வெளியே வரும்.

தலைக்கு மேலே தொங்கும் கிரீடத்தைப் பார் என்றார் அந்த ஜனாதிபதி. கிரீடம் சூடியவர்கள் பார்க்கட்டும். நமக்குக் காலடியில் வேலை கிடக்கிறது. கூடையை எடுங்கள்!